எம்மாவு வழியும் கொச்சிக்கடைப் பயணமும்



முழந்தாளிட்டும் செபிக்கச் சொல் வராத நாட்கள் நம்மில் பலருக்கு உண்டு. உதடு "அருள் நிறைந்த மரியே" சொல்லும், மனம் அடுப்பில் வைத்த பருப்பிலோ பிள்ளையின் கட்டணத்திலோ நிற்கும். ஞாயிறு பூசைக்குப் போய்வருவோம், ஆனால் ஆண்டவரோடு பேசி எத்தனை நாளாயிற்று என்று யாராவது கேட்டால் பதில் இராது. சிலருக்கு வேலைக் களைப்பு காரணம். சிலருக்கு ஆறாத ஒரு துக்கம் காரணம்.

என்னுடையது இரண்டாவது வகை. 2021ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் என் அக்கா காலமானார். கடைசியாக அவர் கையைப் பிடிக்கவும் முடியவில்லை, வழமையான அடக்கச் சடங்கும் நடக்கவில்லை. அதன்பின் நெடுங்காலம் என் செபம் வெறும் வாய்ப்பாடாகவே இருந்தது. இக்கட்டுரை என் துக்கத்தைப் பற்றியது அல்ல. துக்கப்பட்டவர்கள் ஆண்டவரிடம் திரும்பிப் போவதற்கு நம் கொழும்பு நகரிலேயே ஒரு பாதை உண்டு. வெள்ளவத்தையிலிருந்து கொச்சிக்கடைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போகும் அந்தப் பாதையைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பதினொரு கிலோமீற்றர்

லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். ஆண்டவர் உயிர்த்த நாளன்று சீடர் இருவர் எருசலேமை விட்டு எம்மாவு என்னும் ஊருக்கு நடந்து போகிறார்கள். மனம் ஒடிந்து போகிறார்கள். நம்பியது நடக்கவில்லை என்ற ஏமாற்றம் அவர்களுக்கு. ஒருவர் பெயர் கிளெயோப்பா. மற்றவர் பெயர் சொல்லப்படவில்லை. அது அவருடைய மனைவியாக இருக்கலாம் என்று விவிலிய அறிஞர் சிலர் கருதுகிறார்கள். அப்படி நினைத்து வாசித்தால், துக்கத்தோடு வீடு திரும்பும் ஒரு கணவனும் மனைவியும் நம் கண்முன் வருவார்கள்.

எருசலேமுக்கும் எம்மாவுக்கும் இடையே அறுபது இஸ்தாதி என்று நற்செய்தி சொல்கிறது. இன்றைய கணக்கில் சுமார் 11 கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரந்தான். அன்று எம்மாவு வழியில் நடந்தவை மூன்று: அவர்கள் தங்கள் மனக்குறையை வாய்விட்டுச் சொன்னார்கள். வழிப்போக்கரை வீட்டுக்கு அழைத்து அப்பம் பகிர்ந்தார்கள். பிறகு, எந்த நகரம் தங்களை நோகச் செய்ததோ அதே நகரத்துக்கு அன்றிரவே திரும்பி நடந்தார்கள். மூன்றாவது செயலைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை.

காலி வீதி வழியே

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குரிய நாள். காலையில் நான் புறப்படும்போது, பக்கத்து வீட்டு மாமி படியில் நின்று, "பிள்ளை, அந்தோனியாரட்டையோ போறாய்? நில்லு, நானும் வாறன்" என்றார். மாமி சைவம். யாழ்ப்பாணத்திலிருந்து 1995 இடப்பெயர்வில் புறப்பட்டு, வன்னி கடந்து கொழும்புக்கு வந்தவர். அந்த நாட்களில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கி, பொலிஸ் பதிவுக்கும் கடவுச்சீட்டுக்கும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கடிதத்துக்கும் காத்திருந்த எத்தனையோ பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவில் ஓர் ஆறுதலாக இருந்தது. அவர்களில் பலர் கிறிஸ்தவர் அல்ல.

காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ் ஏறினோம். வெள்ளவத்தைப் புடவைக் கடைகள், சைவ உணவகங்கள், புனித லோறன்ஸ் ஆலயம் எல்லாம் பின்னால் போயின. ஒழுங்கைகளின் முடிவில் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் விட்டு விட்டுத் தெரிந்தன. பம்பலப்பிட்டியில் மிலாகிரிய என்னும் இடம் வரும். அந்தப் பெயர் போர்த்துக்கேய மொழியில் "அற்புதம்" என்று பொருள்படும் "மிலாகிரே" என்ற சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் அற்புத மாதாவுக்கு அங்கே ஒரு கோவில் இருந்தது. இன்று அவ்விடத்தில் இருப்பது புனித பவுலின் அங்கிலிக்கன் ஆலயம். தினமும் பஸ் நடத்துநர் உரத்துக் கூவும் ஒரு பெயருக்குள் ஒரு செபம் ஒளிந்திருக்கிறது.

கொள்ளுப்பிட்டியைத் தாண்டினால் காலிமுகத்திடல். 1995 ஜனவரி 21ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இத்திடலில்தான் யோசேப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2015 ஜனவரி 14ஆம் திகதி, திருத்தந்தை பிரான்சிஸ் இதே திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். இலங்கைத் திருச்சபைக்குக் கிடைத்த முதலாவது புனிதர் அவரே.

கஞ்சி கொடுத்த கை

யோசேப் வாஸ் அடிகளார் 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபின், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். குருமாரை வெளியேற்றினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்று கட்டளையிட்டார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுகள் மக்களுக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நோயில்பூசுதல் இல்லை.

1687இல் அடிகளார் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, கடும் வயிற்றோட்டத்தால் வழியில் விழுந்து கிடந்தார். ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவரது வரலாறு சொல்லும். அவள் பெயர் நமக்குத் தெரியாது. உடல் தேறியபின் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று பார்த்து, மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். சில்லாலையிலிருந்து தொடங்கி, கண்டி வரை நடந்து, இரவுகளில் இரகசியமாகப் பூசை வைத்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் உயிர் நீத்தார்.

இதில் என்னைத் தொட்டது ஒன்று. அந்த 30 ஆண்டுகளும் விசுவாசத்தைக் காத்தது யார்? குரு இல்லை, கோவில் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்த தாய்மாரும் பாட்டிமாரும்தான் அதில் பெரும்பங்கு வகித்திருப்பார்கள். அவர்கள் ஒவ்வொரு நாளும் பக்தி உணர்ச்சியில் உருகியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பயத்தோடும் களைப்போடும் சொன்ன செபமும் செபமாகவே எண்ணப்பட்டது. உணர்ச்சி வற்றிய காலத்தில் பழக்கம் நம்மைத் தாங்கும். வாய்ப்பாடாகச் சொன்ன செபத்தை நாம் இகழ வேண்டியதில்லை.

கொச்சியார் கடை

புறக்கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். மாமி முதலில் இறங்கியது பொன்னம்பலவாணேசுவரர் கோவிலில். 1856இல் பொன்னம்பலம் முதலியார் கட்டிய இக்கோவிலை, அவரது மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கிக் கருங்கல்லால் புதுப்பித்தார். சிவனைக் கும்பிட்டு நெற்றியில் திருநீற்றோடு வந்த மாமி, "இனி அந்தோனியாரைப் பாப்பம்" என்றார். கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கு இது புதுமை அல்ல.

கொச்சிக்கடை என்ற பெயருக்கு வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு, பகலில் கடைக்காரராக இருந்து, இரவில் மறைவாக மக்களுக்குப் பூசை வைத்தாராம். கொச்சியார் வைத்த கடை கொச்சிக்கடை ஆயிற்று. ஒருநாள் படையினர் துரத்த, அவர் முகத்துவாரம் பக்கம் ஓடினார். அங்கே கடல் ஊரை அரித்துக்கொண்டிருந்தது. "கடலை நிறுத்தும்படி செபியுங்கள், நாங்கள் உங்களைக் காப்பாற்றுகிறோம்" என்று மீனவர் கேட்டார்கள். அவர் கரையில் சிலுவையை நாட்டி மூன்று நாள் செபிக்க, கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்ததாம். அதைக் கண்ட அதிகாரிகள் அவரைத் தண்டிக்காமல், குடியிருக்க நிலம் கொடுத்தார்கள் என்பது கதை. அவர் எழுப்பிய சிறு மண் கோவில்தான் இத்திருத்தலத்தின் தொடக்கம். 1822இல் கோவாவிலிருந்து அந்தோனியார் திருச்சொரூபம் கொண்டுவரப்பட்டது. 1834இல் கோவில் அர்ச்சிக்கப்பட்டது.

பதுவைப் பதியர் என்று நாம் அழைக்கும் அந்தோனியார் 1195இல் லிஸ்பனில் பிறந்து 1231 ஜூன் 13ஆம் திகதி பதுவை நகர் அருகே இறந்தவர். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று ஏன் பெயர் பெற்றார் தெரியுமா? மடத்தை விட்டு ஓடிப்போன ஒரு இளந்துறவி, அந்தோனியாரின் சங்கீதப் புத்தகத்தையும் எடுத்துச் சென்றுவிட்டார். அந்தோனியார் செபித்தார். புத்தகம் திரும்பி வந்தது. அதைக் கொண்டுவந்த இளந்துறவியும் மடத்துக்கே திரும்பிவிட்டார் என்று கதை முடியும். திறப்பும் தோடும் தொலைந்தால் அந்தோனியாரிடம் கேட்கிறோம். தொலைந்துபோன நம்மையே தேடித் தரும்படி கேட்பதும் அதே மன்றாட்டுத்தான்.

8 மணி 45 நிமிடம்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. முந்திய இரவுத் திருவிழிப்பில் உலகெங்கும் கத்தோலிக்கர் எரியும் மெழுகுதிரியைக் கையில் பிடித்துத் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்திருந்தார்கள். ஆண்டவரோடுள்ள உறவை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கத் திருச்சபை வைத்திருக்கும் நேரம் அதுதான். விடிந்து காலை 8.45 மணியளவில் கொச்சிக்கடைக் கோவிலுக்குள் குண்டு வெடித்தது. அதே காலையில் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே வந்திருந்த சிறுவர்கள்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் கொழும்பில் பகிரங்கப் பூசை இல்லை. மக்கள் தொலைக்காட்சி முன் இருந்து பூசை கண்டார்கள். கொச்சிக்கடையில் கடற்படையினர் இடிபாடுகளை அகற்றிக் கோவிலைத் திருத்தினார்கள். 52 நாட்களின் பின், ஜூன் 12ஆம் திகதி, கோவில் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. மறுநாள் அந்தோனியார் திருநாள்.

திறந்த கதவால் முதலில் உள்ளே போனவர்களை நினைத்துப் பாருங்கள். எருசலேமுக்குத் திரும்பிய அந்த இருவரைப் போன்றவர்கள் அவர்கள். நொந்த இடத்துக்கே திரும்பி நடப்பது எளிதல்ல. "கடவுளே, நீர் எங்கே இருந்தீர்?" என்ற கேள்வியோடுதான் பலர் போயிருப்பார்கள். கேள்வியோடு போவதும் போவதுதான். சங்கீதங்களில் பெரும்பகுதி முறையீடு அல்லவா? எம்மாவு வழியில் ஆண்டவர் முதலில் செய்தது போதிப்பது அல்ல, என்ன நடந்தது என்று கேட்பது. அவர்கள் மனம் திறந்து சொல்லும் வரை அவர் கூடவே நடந்தார்.

அந்தச் செவ்வாயன்று

வாசலில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். பூவும் மெழுகுதிரியுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம், நடுவே ஆங்கிலம் என்று மன்றாட்டுக்கள் முணுமுணுப்பாகக் கேட்டன. உயிர் நீத்தவர்களுக்கான நினைவிடத்தில் சற்று நின்றோம். பெயர்களை வாசித்தபோது மாமி, "குடும்பம் குடும்பமாப் போட்டுதுகள்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு இடம் கொடுத்து வாங்கில் தள்ளி இருந்தவர் ஒரு சிங்கள அம்மா. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. யாருக்காக வந்தாய் என்று கேட்டார். "அக்கா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குமேல் எனக்கு வரவில்லை. அவர் தன் கையிலிருந்த இரண்டு மெழுகுதிரியில் ஒன்றை என்னிடம் தந்தார். நான் அதை ஏற்றி அக்காவின் பெயரைச் சொன்னேன். பிறகு, மூன்று ஆண்டுக்குமேல் உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அது அழகான செபம் அல்ல, வழக்காடல். ஆனால் ஆண்டவரோடு நான் மறுபடி பேசினேன்.

திரும்பும் வழியில் கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்துக்கும் போனோம். கொழும்பு மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம் அது. பெரிய தூண்களும் உயர்ந்த கூரையும் குவிமாடமும் கொண்ட அந்த ஆலயத்தில், கொச்சிக்கடையின் கூட்டத்துக்குப் பின் ஒரு ஆழ்ந்த அமைதி. கண் பார்வைக்குப் பாதுகாவலியாகக் கும்பிடப்படுபவர் லூசியா. அப்பம் பிட்டபோது சீடரின் கண் திறந்தது என்ற நற்செய்தி நினைவுக்கு வந்தது. வெளியே வந்து கடையொன்றில் மாமியும் நானும் தேத்தண்ணியும் பணிஸும் வாங்கிப் பாதி பாதியாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். அவர் தன் மூத்த மகனைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அன்றுதான் அதைக் கேட்டேன்.

மன்னிப்பும் நீதியும்

ஆண்டவரோடு உறவைப் புதுப்பிப்பது நம் தனிப்பட்ட அமைதிக்கு மட்டுமானது அல்ல. 2019 மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் குற்றமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. பழிக்குப் பழி வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். 2020ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, கொரோனாவால் கோவில்கள் பூட்டிக் கிடந்த வேளையில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று அவர் கூறினார். ஆனால் உண்மை வெளிவர வேண்டும் என்ற கோரிக்கையைத் திருச்சபை கைவிடவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, அப்போதைய சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல், அன்று மாண்ட 167 கத்தோலிக்கரின் பெயர்களை வத்திக்கான் விசுவாசச் சாட்சிகளின் பட்டியலில் சேர்த்தது. மன்னிப்பதும் நீதி கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை அந்தக் குடும்பங்கள் நமக்குக் கற்றுத் தருகின்றன.

நாம் செய்யக்கூடியது

சகோதரிகளே, செபம் வறண்டுபோயிருந்தால் பெரிய தீர்மானங்கள் வேண்டாம். மூன்று சிறு காரியங்கள் போதும்.

முதலாவது, நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, மனதில் இருப்பதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே சொல்லுங்கள். சொல் வராவிட்டால், தெரிந்த செபத்தைச் சொல்லிக்கொண்டு இருங்கள்.

இரண்டாவது, தனியாகப் போகாதீர்கள். எம்மாவு வழியில் நடந்தவர்கள் இருவர். ஒரு அயலவரையோ சகோதரியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உங்கள் சமயத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வழியில் ஏதாவது பகிர்ந்து சாப்பிடுங்கள்.

மூன்றாவது, உங்களை நோகச் செய்த இடம் எதுவோ, அதைத் தவிர்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அது ஒரு கல்லறையாக இருக்கலாம், பேசாமல் விட்ட ஒரு உறவினர் வீடாக இருக்கலாம், திறக்காமல் வைத்த ஒரு அலுமாரியாகவும் இருக்கலாம். உடனே முடியாவிட்டால் அடுத்த மாதம் போங்கள். ஆனால் போகும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தவக்காலத்தின் நாற்பது நாட்கள் இதற்கு நல்ல காலம்.

கொச்சிக்கடையில் எல்லாச் செவ்வாயும் கோவில் திறந்திருக்கும். வெள்ளவத்தையிலிருந்து போகிறவர்கள் 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் போகலாம். காலையில் வெள்ளன வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். ஒரு மெழுகுதிரி கூடுதலாகக் கொண்டுபோங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தேவைப்படக்கூடும்.